இருட்டைப் படிக்கும் பொருள்கள்: இரவுநோக்குக் கருவிகளின் தலைமுறை ஒப்பீடு

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறைகளில் உருவாகும் பொருள்களை நாம் தினமும் பயன்படுத்துகிறோம், ஆனால் கவனிப்பதில்லை. மின்கம்பியைத் தாங்கும் வெள்ளைக் காப்பான், வீட்டு மின்பெட்டியில் இருக்கும் ஃபியூஸ் கட்டை, அகல், பொம்மை. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க அதன்மேல் படிந்த மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணும், படிகக்கல் பொடியும், ஃபெல்ஸ்பாரும் கலந்து சூளையில் ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் வெந்தால் மின்சாரம் கடக்க முடியாத பீங்கான் பிறக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இந்த ஊரில் இருக்கிறது.

அந்தக் காப்பானின் உறவுப் பொருள் ஒன்று, எல்லையில் காவல் நிற்கும் வீரரின் கண்முன் தொங்குகிறது. இரவுநோக்குக் கருவியின் இதயம் ஒரு சிறிய வெற்றிடக் குழாய். அதற்குள் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஒரு சில மில்லிமீட்டர் இடைவெளியில் நிற்கிறது. அது பாய்ந்துவிடாமலும் வெற்றிடம் கெடாமலும் காப்பவை அலுமினா பீங்கான் வளையங்கள்.

இந்தக் கருவிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்ற கணக்கு வந்துவிடும். விற்பவர்களும் வாங்குபவர்களும் அந்த எண்ணையே தரமாகக் கொள்கிறார்கள். எண் கூடினால் திறன் கூடும் என்பது பாதி உண்மைதான். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புதிய பொருள் கைக்கு வந்ததால் பிறந்தது. அந்தப் பொருள் எதைக் கொடுத்தது, எதைப் பறித்தது, எந்த ஊர் இரவில் எந்த வேலைக்கு உதவும் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவுகளுக்கே இட்டுச்செல்லும்.

இரவில் இருக்கும் வெளிச்சம்

உச்சிவெயிலில் தரையில் விழும் வெளிச்சம் சுமார் ஒரு லட்சம் லக்ஸ். முழுநிலவு இரவில் அது கால் லக்ஸுக்கு இறங்கிவிடும். அமாவாசையில் நட்சத்திரங்கள் மட்டும் இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு லக்ஸ். மேகமும் மூடிவிட்டால் அதிலும் பத்தில் ஒரு பங்கு. ஆக, இரவு என்று ஒன்று இல்லை, பல இரவுகள் உண்டு. நிலவொளியில் நன்றாக வேலை செய்யும் கருவி மேகமூட்டத்தில் குருடாகிவிடலாம்.

இன்னொரு உண்மையும் முக்கியமானது. நட்சத்திர இரவில் கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிர்கள் பல மடங்கு அதிகம். பச்சை இலைகள் அந்தக் கதிர்களை வலுவாகப் பிரதிபலிக்கும். எனவே அகச்சிவப்பை நன்றாகப் பிடிக்கும் கருவிக்குக் காடு வெளிச்சமாகவும், அதற்குள் நிற்கும் சாதாரணத் துணியுடுத்திய ஆள் தனித்தும் தெரியும். தலைமுறைகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கதிர்களைப் பிடிக்க முயன்ற வரலாறே.

இருட்டில் பார்க்க மூன்று வழிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒளியை நாமே பாய்ச்சலாம். இருக்கும் சொற்ப ஒளியைப் பெருக்கலாம். ஒளியை விட்டுவிட்டு, பொருள்கள் வெளிவிடும் வெப்பத்தைப் பார்க்கலாம். தலைமுறை எண்கள் முதலிரண்டு வழிகளுக்கு மட்டுமே பொருந்தும். மூன்றாவது வழிக்கு வரலாறும் வேறு, அளவுகோலும் வேறு.

விளக்கைச் சுமந்த காலம்

இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் ஜெர்மனியும் அமெரிக்காவும் துப்பாக்கிமேல் பொருத்தும் இரவுநோக்கிகளைக் களத்துக்குக் கொண்டுவந்தன. 1945இல் ஒகினாவா தீவில் அமெரிக்கப் படையினர் இவற்றைப் பயன்படுத்தினர். குழாயின் முன்முகப்பில் வெள்ளி, ஆக்சிஜன், சீசியம் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். ஒளி பட்டால் எலக்ட்ரானை உமிழும் இந்தப் பூச்சுக்கு ஒளி எதிர்மின்வாய் என்று பெயர். அதன் உணர்திறன் லூமனுக்கு 60 மைக்ரோ ஆம்பியர் அளவே. அதனால் அகச்சிவப்பு விளக்கையும் மின்கலத்தையும் கூடவே சுமக்க வேண்டியிருந்தது. எதிரியிடமும் அதே கருவி இருந்தால், விளக்கைப் போட்டவரே முதல் இலக்கு. பிற்காலத்தில் பூஜ்யத் தலைமுறை என்று பெயர் பெற்றது இதுதான்.

இந்தியாவில் இந்த முறை நெடுங்காலம் நீடித்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டி-72 டாங்கிகள், பீரங்கிக்கு அருகே அகச்சிவப்புத் தேடுவிளக்கைப் பொருத்திய சோவியத் வடிவமைப்பு நோக்கியுடனே பணிக்கு வந்தன. விளக்கைப் போட்டால் பார்க்கலாம், ஆனால் பார்க்கப்படுவோம் என்ற சிக்கல் அந்த டாங்கிப் படையினருக்கும் இருந்தது. இரவுப் பார்வை இல்லாததன் விலை 1971 டிசம்பரில், ராஜஸ்தான் எல்லைக் காவல் நிலையான லோங்கேவாலாவிலேயே தெரிந்தது. நள்ளிரவில் பாகிஸ்தான் டாங்கிகள் சூழ்ந்தபோது, ஜெய்சல்மேரில் இருந்த ஹன்டர் விமானங்கள் இரவில் தாக்கும் வசதி இல்லாமல் விடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தரையில் ஒரு கம்பெனி வீரர்கள் அந்த இரவு முழுவதையும் தாங்கினார்கள்.

கண்ணாடி இழையும் மூன்று அடுக்கும்

முதல் தலைமுறை வியட்நாம் போரில் புகழ்பெற்றது. இங்கே இரண்டு பொருள்கள் புதியவை. ஒன்று, 1950களில் கண்டறியப்பட்ட பல்கார ஒளி எதிர்மின்வாய். சோடியம், பொட்டாசியம், சீசியம் ஆகியவை ஆன்டிமனியுடன் சேர்ந்த இந்தப் பூச்சின் உணர்திறன் முந்தையதைப்போல மூன்று மடங்கு. மற்றொன்று கண்ணாடி இழைத் தட்டு. பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி லண்டனில் ஹாப்கின்ஸுடன் சேர்ந்து 1954இல் வெளியிட்ட ஆய்வு, இழைக்கற்றை வழியே பிம்பத்தைக் கடத்த முடியும் என்று காட்டியது. அந்த இழைத் தட்டுகள்தான் ஒரு குழாயின் பிம்பத்தை அடுத்த குழாய்க்குச் சிதறாமல் கொடுத்தன. மூன்று குழாய்களை வரிசையாக வைத்து ஒளியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கினார்கள். விளக்கு தேவையில்லாமல் போனது.

இழப்பும் இருந்தது. கருவி நீளமாகவும் கனமாகவும் ஆனது. பிம்பத்தின் ஓரங்கள் வளைந்தன. ஒரு வாகன விளக்கோ தீச்சுவாலையோ குறுக்கே வந்தால் திரை முழுவதும் வெள்ளை படர்ந்துவிடும். எதிரியின் வெளிச்சம் ஒன்று போதும், கருவி அந்தக் கணத்தில் பயனற்றுப்போகும்.

நுண்துளைத் தட்டு

இரண்டாம் தலைமுறை 1970களில் வந்தது. மூன்று குழாய்கள் செய்த வேலையை நாணயம்போல் மெலிந்த ஒரு கண்ணாடித் தட்டு ஏற்றுக்கொண்டது. இடியாப்ப அச்சில் இருப்பதைப்போல அதில் வரிசையாகத் துளைகள். ஆனால் ஒவ்வொரு துளையின் விட்டமும் சுமார் பத்து மைக்ரான், மொத்தம் பத்து லட்சக்கணக்கில். ஒரு துளைக்குள் நுழையும் எலக்ட்ரான் சுவரில் மோதி வேறு சில எலக்ட்ரான்களைக் கிளப்பும். அவையும் மோதும். வெளியே வரும்போது ஒன்று ஆயிரமாகியிருக்கும். ஒரு துளையில் அளவுக்கு மீறி ஒளி வந்தால் அந்தத் துளை மட்டும் நிறையும். அதனால் வாகன விளக்கு திரை முழுவதையும் அழிக்காது. கருவி தலையில் மாட்டும் அளவுக்குச் சுருங்கியது.

இந்தத் தட்டு ஈயக் கண்ணாடியால் ஆனது. அதன் துளைச் சுவருக்கு உயிர் கொடுப்பது ஹைட்ரஜன் சூழலில் சூடாக்கும் கட்டம். மேற்பரப்பில் உள்ள ஈய ஆக்சைடு தன் ஆக்சிஜனை இழந்து கறுத்து, மின்சாரத்தை மிகமிக மெதுவாக மட்டும் கடத்தும் படலமாகிறது. தீர்ந்த எலக்ட்ரான்களை ஈடுசெய்வது அந்தப் படலம்தான். ஒடுக்கச் சூழல் என்று பீங்கான் பாடத்தில் கற்பிப்பது இதே வேதியியல். சூளைக்குள் காற்றைக் குறைத்துச் சுட்டால் களிமண்ணின் இரும்பு வேறு நிறம் காட்டுவதை விருத்தாசலத்து மாணவர் அறிவார். இரவுநோக்கிக் குழாய் அவர் படிக்கும் பாடத்துக்கு அந்நியமான பொருள் அல்ல.

மூன்று பெரியதா, இரண்டு பெரியதா?

மூன்றாம் தலைமுறையின் புதிய பொருள் காலியம் ஆர்சனைடு என்ற ஒற்றைப் படிகம். அதன் உணர்திறன் லூமனுக்கு ஆயிரம் மைக்ரோ ஆம்பியரையும் தாண்டியது. அகச்சிவப்பை, அதாவது நட்சத்திர இரவில் மிகுந்திருக்கும் கதிர்களை, அது சிறப்பாகப் பிடிக்கும். ஆனால் இந்தப் படிகம் நலிவானது. நுண்துளைத் தட்டிலிருந்து பின்னோக்கி வரும் அயனிகள் அதைச் சீக்கிரம் அழித்துவிடும். காப்பாற்ற, தட்டின்மேல் மிக மெல்லிய ஒரு தடுப்புப் படலம் போட்டார்கள். குழாயின் ஆயுள் பத்தாயிரம் மணி நேரத்துக்கு உயர்ந்தது. அதே படலம் படிகம் அனுப்பும் எலக்ட்ரான்களிலும் கணிசமான பங்கை விழுங்கியது. முன்வாசலில் சம்பாதித்ததில் ஒரு பகுதி உள்ளேயே தொலைந்தது.

ஐரோப்பியர்கள், குறிப்பாக நெதர்லாந்தின் ரோடனிலும் பிரான்சின் பிரீவிலும் இருந்த ஆலைகள், வேறு பாதையில் சென்றன. பழைய பல்காரப் பூச்சையே நேர்த்தியாக்கி அதன் உணர்திறனை 600, 700 மைக்ரோ ஆம்பியருக்கு ஏற்றினார்கள். அதற்குத் தடுப்புப் படலம் தேவையில்லை. ஆகவே உணர்திறன் எண்ணில் பின்தங்கினாலும், திரையில் தெரியும் பிம்பத்தில் அவ்வளவாகப் பின்தங்கவில்லை.

இவ்விரண்டையும் எப்படி ஒப்பிடுவது? தொழிலில் உள்ளவர்கள் இரண்டு அளவுகளைப் பெருக்குகிறார்கள். ஒன்று தெளிவு: ஒரு மில்லிமீட்டரில் பிரித்தறியக்கூடிய கறுப்பு வெள்ளைக் கோட்டிணைகளின் எண்ணிக்கை. மற்றொன்று சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம். தெளிவு 64, விகிதம் 25 என்றால் தரமதிப்பு 1600. 1980களில் வந்த தொடக்க மூன்றாம் தலைமுறைக் குழாய்களின் தெளிவு 36 கோட்டிணை அளவிலேயே இருந்தது. பின்னால் வந்த மேம்பட்ட இரண்டாம் தலைமுறைக் குழாய்கள் 64ஐ எட்டின. தலைமுறை எண்ணில் கீழே இருப்பது தரமதிப்பில் மேலே போய்விட்டது. அமெரிக்க ஏற்றுமதி விதிகளும் தலைமுறை எண்ணைக் கைவிட்டு இந்தத் தரமதிப்பையே அளவுகோலாக எடுத்துக்கொண்டன.

இந்தியாவின் பாதை ஐரோப்பியப் பாதையோடு இணைந்தது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1990இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நிறுவனத்துடன் கூட்டாகப் புனேயில் பிம்பப் பெருக்கிக் குழாய்களுக்கான நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னாளில் பிரான்சின் போட்டோனிஸ் நிறுவனத்திடமிருந்து எக்ஸ்டி-4 குழாயின் தொழில்நுட்பம் வந்தது. மூன்றாம் தலைமுறை இல்லையே என்று இதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: குழாயைப் பூட்டும் திறன் மட்டும் வந்ததா, அதன் பொருள்களை உருவாக்கும் திறனும் வந்ததா?

எவ்வளவு தூரம் தெரியும்?

1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் எளிய விதி ஒன்றை வகுத்தார். இலக்கின் குறுகிய பக்கத்தில் ஒரு கோட்டிணை விழுந்தால் ஏதோ இருக்கிறது என்று கண்டறியலாம். நான்கு விழுந்தால் மனிதனா, வாகனமா என வகை அறியலாம். 6.4 விழுந்தால் இன்னது என அடையாளம் காணலாம். பார்ப்பவர் பாதிக்குப் பாதி சரியாகச் சொல்வதற்கான எல்லைகள் இவை.

தலையில் மாட்டும் கருவியின் பார்வை அகலம் 40 டிகிரி, குழாயின் விட்டம் 18 மில்லிமீட்டர், லென்ஸின் குவியத் தொலைவு சுமார் 25 மில்லிமீட்டர். தெளிவு 64 என்று கொண்டு அரை மீட்டர் அகலமுள்ள ஓர் ஆளுக்குக் கணக்கிட்டால், 800 மீட்டரில் கண்டறியலாம், 200 மீட்டரில் வகை அறியலாம், 125 மீட்டரில் அடையாளம் காணலாம். தெளிவு 32 என்றால் எல்லாம் சரிபாதி. இவை வெளிச்சம் போதுமான இரவுக்கான உச்ச எல்லைகள். மேகம் மூடினால் இரைச்சல் பெருகி எல்லா எண்களும் சரியும். நல்ல தலைமுறைக் குழாயின் உண்மையான பயன் அங்கேதான் தெரியும்: தூரத்தைக் கூட்டுவதைவிட, மோசமான இரவிலும் தூரம் அதிகம் குறையாமல் பார்த்துக்கொள்வது.

இப்போது வெப்பப் படக்கருவியை அருகே வைப்போம். 640 புள்ளி அகலம், 12 மைக்ரான் புள்ளி, 35 மில்லிமீட்டர் லென்ஸ். அதே ஆளை ஏறத்தாழ 730 மீட்டரில் கண்டறியலாம், 180 மீட்டரில் வகை அறியலாம். எண்கள் கிட்டத்தட்டச் சமம். நிலவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவை மாறாது. ஆனால் பார்வை அகலம் 40 டிகிரியிலிருந்து 12 டிகிரி அளவுக்குச் சுருங்கிவிட்டது. நடப்பவருக்கும் ஓட்டுபவருக்கும் அகலம் வேண்டும், காவல் கோபுரத்தில் இருப்பவருக்குத் தூரம் வேண்டும். எது சிறந்தது என்பதை வேலைதான் முடிவு செய்யும்.

வெப்பத்தைப் பார்க்கும் பீங்கான்

மனித உடலின் வெப்பக் கதிர்வீச்சு 9.3 மைக்ரான் அலைநீளத்தில் உச்சம் பெறும். அதைப் பிடிக்க முதலில் கடுங்குளிரூட்டிய உணரிகள் தேவைப்பட்டன. குளிரூட்டாமலே இயங்கிய முதல் வெற்றிகரமான உணரிகளில் ஒன்று பீங்கானால் ஆனது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பேரியம் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் பீங்கானை மெலிதாக்கி, புள்ளி புள்ளியாகப் பிளந்து, வெப்பம் மாறும்போது அதன் மின்தன்மை மாறுவதைப் படமாக்கியது. 2000இல் அமெரிக்காவின் கேடிலாக் கார்களில் ஓட்டுநருக்கு இருட்டுச் சாலையைக் காட்டியது இந்த வகை உணரிதான். பிறகு வனேடியம் ஆக்சைடு நுண்படலங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிர்களை விடாது. ஜெர்மானியம் லென்ஸும் துத்தநாக சல்ஃபைடு சாளரமும் வேண்டும். ஐதராபாத்தின் ஏஆர்சிஐ ஆய்வு மையம் துத்தநாக சல்ஃபைடு தயாரிப்பில் உழைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் இதன் பலனைப் பார்க்க மதுக்கரைக்குப் போக வேண்டும். கோவை–பாலக்காடு ரயில்பாதையில் யானைகள் அடிபட்டுச் சாவது பல்லாண்டுத் துயரம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் மாண்டன. 2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை 12 கோபுரங்களில் வெப்பப் படக்கருவிகளையும் சாதாரணக் கேமராக்களையும் பொருத்தி, யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு அமைப்பைத் தொடங்கியது. இங்கே அடையாளம் காணும் நுட்பம் தேவையில்லை. பெரிய, சூடான ஓர் உடல் அசைகிறது என்று தெரிந்தால் போதும். ஜான்சன் விதியின் முதல் படியே உயிரைக் காக்கும். உயர்ந்த தரமதிப்புள்ள பிம்பப் பெருக்கி அடர்ந்த நிழலிலும் மேகமூட்டத்திலும் தடுமாறும் இடத்தில், வெப்பக் கருவி தொடர்ந்து விழித்திருக்கும்.

நம் மண்ணின் வெப்பம், நம் காற்றின் ஈரம்

கருவிகளின் தர அட்டைகள் பெரும்பாலும் குளிர்ந்த ஆய்வுக்கூடத்தில் எழுதப்படுகின்றன. நம் இரவுகள் அப்படியில்லை. ஒளியே படாவிட்டாலும் ஒளி எதிர்மின்வாய் வெப்பத்தால் எலக்ட்ரான்களைக் கசியவிடும். வெப்பநிலை சில டிகிரி ஏறினாலே இந்தக் கசிவு இரட்டிக்கும். நட்சத்திர ஒளியின் மெல்லிய பிம்பம் அதில் கரையும். 22 டிகிரியில் அளந்த மதிப்பு, மே மாதத்து 32 டிகிரி இரவுக்கு உத்தரவாதம் ஆகாது.

வெப்பக் கருவிக்கும் தன் பலவீனங்கள் உண்டு. சூரியன் உதித்த பின்னும் மறைந்த பின்னும் இலக்கும் பின்னணியும் ஒரே வெப்பநிலையைக் கடக்கும் வேளையில் படம் மங்கிவிடும். மழை பெய்து எல்லாம் நனைந்து குளிர்ந்தாலும் அப்படியே. கடலோரத்து ஈரக்காற்று 8 முதல் 12 மைக்ரான் கதிர்களை நெடுந்தூரத்தில் தின்றுவிடும். மின்னணுப் பாகங்களும் வெப்பத்தைத் தாங்க வேண்டும். டி-90 டாங்கிகளின் பிரெஞ்சு வெப்பநோக்கிகள் ராஜஸ்தான் பாலைவனத்தில் பழுதாகி, டாங்கிக்குள் குளிரூட்டி தேவை என்ற விவாதம் எழுந்தது. தாளில் மிக உயர்ந்த கருவி, மூடிய டாங்கியின் ஐம்பது டிகிரிக்கு மேற்பட்ட அனலில் முதலில் விழுந்தது. அதே டி-90 வகை 2009 முதல் ஆவடியில் உருவாகிறது. ஆகவே இது நம் மாநிலத் தொழிற்சாலைக்கும் நேரடிப் பாடம்.

ஒப்பீடு சொல்லும் முடிவு

எந்தத் தலைமுறை என்ற கேள்வியோடு ஒப்பந்தப்புள்ளி தொடங்கக் கூடாது. எத்தனை லக்ஸில், எத்தனை டிகிரி வெப்பத்தில், எவ்வளவு ஈரத்தில், எந்த இலக்கை, எவ்வளவு தூரத்தில், கண்டறியவா அடையாளம் காணவா என்று கேட்க வேண்டும். ராணுவமோ வனத்துறையோ கடலோரக் காவலோ, சோதனையை நம் காலநிலையில் நடத்தி, அந்த மதிப்பைக் கோர வேண்டும். விளக்கைச் சுமந்த பூஜ்யத் தலைமுறையை விட்டுவிடலாம். மற்றவை எல்லாம் ஒன்றையொன்று ஈடுசெய்பவை. விரைந்து நகரும் வீரருக்குப் பிம்பப் பெருக்கி, நின்று காக்கும் கண்ணுக்கு வெப்பக் கருவி, முக்கியமான இடத்தில் இரண்டும்.

இரண்டாவது முடிவு இதைவிடப் பெரியது. இழைத் தட்டு, ஈயக் கண்ணாடித் தட்டு, அலுமினா வளையம், டைட்டனேட் உணரி, சல்ஃபைடு சாளரம் என ஒவ்வொரு பாய்ச்சலும் பொருளறிவில் நிகழ்ந்தது. குழாயைப் பூட்டும் உரிமத்தை விலைக்கு வாங்கலாம். நுண்துளைச் சுவரை எந்தச் சூழலில் எத்தனை மணி நேரம் சுட வேண்டும் என்ற அனுபவம் பலரின் கைவழியாகவே வளரும். விருத்தாசலத்தின் இன்றைய சூளை அலுமினா வளையத்துக்குப் போதாது. அதற்கு 1600 டிகிரி வெப்பமும், மிகத் தூய பொடியும், மைக்ரான் அளவில் துல்லியமும், உலோகத்தோடு வெற்றிடம் கசியாமல் பற்றவைக்கும் நுட்பமும் வேண்டும். ஆனால் சுருக்கத்தைக் கணித்து அச்சு செய்வது, விரிசலின் காரணத்தைக் கண்டுபிடிப்பது, சூளைச் சூழலைக் கட்டுப்படுத்துவது ஆகிய அடிப்படைகள் அந்த ஊரில் இருக்கின்றன. மலிவு இறக்குமதியோடு விலைப்போட்டியில் மூச்சுவாங்கும் ஒரு தொழிலுக்கு, மின்னணுப் பீங்கான் ஒரு நேரிய வளர்ச்சிப்பாதை. அரசுக் கல்வி நிறுவனத்தில் ஓர் உயர்வெப்பச் சூளையும், அலுமினா, டைட்டனேட் பாடங்களும், புனேயின் குழாய் ஆலையோடும் ஆவடியோடும் சென்னையின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் பிரிவோடும் நேரடித் தொடர்பும் ஏற்பட்டால், அடுத்த தலைமுறைக் கருவியை ஒப்பிடும்போது அதன் பொருள்களில் ஒன்றேனும் கடலூர் மாவட்டத்தில் சுட்டதாக இருக்க முடியும். அதற்கான திட்டத்தை மாநிலத் தொழில்துறை இப்போதே வகுக்க வேண்டும்.